கூப்பிட்டா வரும் வண்டியும் நாலு கேள்வியும்

1

போன வாரம் நகராட்சியிலேருந்து ஒரு கடுதாசி வந்துச்சு. மதுரை இல்ல, வடக்கு ஜெர்மனியில நான் இருபத்திரண்டு வருசமா குடியிருக்கிற சின்ன ஊரோட நகராட்சி. இங்க கடுதாசின்னாலே எனக்குப் பயம். குப்பையைத் தொட்டி மாத்திப் போட்டாலும் கடுதாசி, வாசல்ல பனியை அள்ளாம விட்டாலும் கடுதாசி. மூணு தரம் படிச்சாத்தான் திட்டுறாங்களா வாழ்த்துறாங்களான்னு பிடிபடும். இது வாழ்த்துற கடுதாசிதான். மதுரையில நான் பங்கெடுத்த வேலையைப் பத்தி அவங்க கூட்டத்துல வந்து பேச முடியுமான்னு கேட்டிருந்தாங்க.

எந்தக் கூட்டம்னு சொல்லணும். எங்க ஊரைச் சுத்தி சின்னச் சின்னக் கிராமம். பெரிய பஸ் விட்டா காலியாத்தான் ஓடும். அதனால போன் பண்ணிக் கூப்பிட்டா வர்ற ஒரு குட்டி பஸ் விடலாம்னு முடிவாச்சு. அது எப்படி இருக்கணும்னு சனங்களையே கேக்கணும்னு, ஊர்க்காரங்க பேரையெல்லாம் குலுக்கிப் போட்டு இருபது பேரைக் கூப்பிட்டாங்க. ஆயுசுலயே ஒரு குலுக்கல்ல எனக்கு விழுந்தது அந்த பஸ்தான்.

முதல் கூட்டத்துலயே மேயரம்மாவை 'நீ'ன்னு கூப்பிட்டுத் தொலைச்சேன். ஜெர்மன்லயும் நம்மளை மாதிரி நீ, நீங்க உண்டு. பதட்டத்துல வாய் நழுவிருச்சு. அந்தம்மா சிரிச்சிட்டு அன்னையிலேருந்து என்னையும் 'நீ'ன்னுதான் கூப்பிடுறாங்க. அங்க பலகையில பஸ் மாதிரியே ஒரு கூடு செஞ்சு வச்சிருந்தாங்க. நடைவண்டி தள்ளி நடக்குற ஒரு பெரியவரை அதுல ஏறச் சொல்லி, அவர் எந்த இடத்துல தடுமாறுறாருன்னு ஒரு அதிகாரி முட்டி போட்டு உக்காந்து ஒரு மணி நேரம் பார்த்தாரு. நான் ஃபேக்டரியில மெஷின் ரிப்பேர் பாக்குறவன், அளவெடுக்கிறது எனக்குப் புதுசில்ல. ஆனா ஒரு மனுசனோட தடுமாற்றத்தை ஒருத்தர் அளவெடுத்து அன்னைக்குத்தான் பார்த்தேன். அசந்து போய் வீட்டுக்கு வந்தேன். கூடவே ஒரு கெட்ட நெனப்பும் வந்துச்சு: நம்ம ஊர்ல இதெல்லாம் எவன் செய்வான்?

அந்த நெனப்புக்கு மதுரையில எனக்கு நல்லா அடி விழுந்துச்சு. அதை ஜெர்மன்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல, அதான் மொதல்ல உங்ககிட்டத் தமிழ்ல எழுதுறேன்.

2

எனக்கு ஒரே அக்கா, ஸ்டெல்லா. மதுரை டவுனுக்குள்ள ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாஸ் டீச்சர். மூணு வயசுல போலியோ வந்து இடது கால் சூம்பிப் போச்சு. இரும்புக் காலும் கைத்தடியுமா முப்பது வருசத்துக்கு மேல வேலை பார்த்துச்சு. போன வருசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஒடைஞ்சதுலேருந்து சக்கர நாற்காலிதான். கல்யாணம் பண்ணிக்கல. நாங்க வளர்ந்த திருநகர் வீட்டை அம்மா போன பிறகு வித்துட்டோம். இப்ப ஒத்தக்கடையில கீழ்த்தளமாப் பார்த்து ஒரு வீடு வாங்கித் தனியா இருக்கு.

ஒத்தக்கடையில பஸ்ஸுக்கா பஞ்சம்? மேலூர் ரோட்டுல ஒண்ணு பின்னால ஒண்ணா வந்துக்கிட்டே இருக்கும். ஆனா நாற்காலியில உக்காந்திருக்கிற ஆளுக்கு அந்த மொதப் படி நெஞ்சுக்கு நேரா நிக்கும். ஷேர் ஆட்டோவோ நாற்காலியைப் பார்த்ததும் வேகம் கூட்டிரும். கூட வேலை பாக்குற ரோஸி டீச்சர் தன் கார்ல தினம் கூட்டிட்டுப் போய்க் கொண்டாந்து விட்டாங்க. அவங்க அடுத்த மாசக் கடைசியில ரிட்டயர் ஆகி மகன் வீட்டுக்குச் சென்னைக்குப் போறாங்கன்னு ஆச்சு. அதுக்குப் பிறகு அக்கா எப்படிப் பள்ளிக்கூடம் போகும்? ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் தங்கமானவங்க. அவங்களே தயங்கித் தயங்கி, முடியலேன்னா விருப்ப ஓய்வுக்கு எழுதிக் குடுத்துரு ஸ்டெல்லா, ஆண்டவர் பாத்துக்குவார்னு சொல்லிட்டாங்க.

அக்கா அதைப் போன்ல சொன்னப்ப குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. "எத்தனை பிள்ளைகளுக்குக் கையப் பிடிச்சு எழுத வச்சிருக்கேன். இந்த ஒண்ணை மட்டும் எழுதக் கை வரமாட்டேங்குதுடா தம்பி."

அந்த நேரம் பார்த்து ஒரு நல்ல சேதியும் வந்துச்சு. சக்கர நாற்காலி ஏறுற சாய்பலகை வச்ச வேன் ரெண்டு, போன் பண்ணுனா வீட்டுக்கே வந்து ஏத்திக்கிட்டுப் போறது. ஒத்தக்கடைக்கும் டவுனுக்கும் நடுவுல ஓட்டிப் பார்க்க ஒரு அமைப்பு முன்வந்திருக்கு. ஆள் ஏறுனா வண்டி நிலைக்கும், காலியா ஓடுனா வேற ஊருக்குப் போயிரும். வண்டியை எப்படி நடத்தணும்னு ஊர்ச் சனங்களையும் கூப்பிட்டுக் கேக்கப் போறாங்க. நான் ஆறு வாரம் லீவு எழுதிக் குடுத்துட்டு ஃபிளைட் ஏறுனேன். உண்மையைச் சொல்றேன், அக்காவைப் பாக்குறது பாதி, அந்தக் கூட்டத்துல போய் ஜெர்மன் அனுபவத்தை எடுத்து விடணுங்கிற கெத்து பாதி.

3

கூட்டம் பங்குக் கோயிலை ஒட்டுன ஹால்ல. பொறுப்பு அந்த அமைப்போட கலைச்செல்விங்கிற இன்ஜினியர் பொண்ணு. நாற்காலியில, ஊன்றுகோல்ல, வெள்ளைக் கோலோடன்னு நாப்பது பேர் இருக்கும். கலைச்செல்வி வேனோட படத்தைச் செவத்துல ஒட்டி விளக்குனா. எல்லாரும் நல்லாருக்கு மேடம், நல்லாருக்கு மேடம்னு தலையாட்டுனாங்க. நம்மாளுக குணம்தான் தெரியுமே. வீடு தேடி வந்தவங்க முகத்துக்கு நேரா குறை சொல்ல நாக்கு எந்திரிக்காது. இம்புட்டுத்தான் நம்ம ஊரு, பலகைக்கூட்டுக்கு எங்க போகன்னு நான் உள்ளுக்குள்ள இளக்காரமா சிரிச்சேன்.

அப்ப பாண்டியம்மா எந்திரிச்சாங்க. பூ யாவாரம், ஒரு கை ஊன்றுகோல். படத்துல எப்படித் தாயி ஏறி எறங்குறதுன்னு கேட்டுட்டு, யாரையோ விட்டுக் கோலமாவு வாங்கியாரச் சொன்னாங்க. கலைச்செல்வி அளவைச் சொல்லச் சொல்ல, அந்தம்மா தரையில உக்காந்து நகர்ந்து நகர்ந்து கோடு இழுத்தாங்க. அரை மணி நேரத்துல ஹால் நடுவுல வேன் படுத்திருந்துச்சு, நிஜ அளவுல, கதவு, சீட்டு, சாய்பலகை எல்லாத்தோடயும். கண்ணு தெரியாத சுந்தரம் சார் கோட்டு மேல துணி காயப்போடுற கயிறைப் போடச் சொன்னாரு, காலால தடவிப் பாக்குறதுக்கு. டிரைவரா வரப்போற முருகேசன் அண்ணே முன்னாடி ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி உக்காந்துக்கிட்டாரு.

அக்காதான் மொதல்ல ஏறுச்சு. நாற்காலி திரும்பவே இல்ல. ஒரு சீட்டைத் தூக்குனாத்தான் திரும்பும்னு தெரிஞ்சுச்சு. சீட்டை அழிச்சு வேற இடத்துல வரைஞ்சாங்க. திரும்பவும் ஏறுனாங்க. தன் கஷ்டத்தைச் சொல்ல யாரும் வாய் தொறக்கலேன்னதும் அக்கா ஒரு யோசனை சொல்லுச்சு. யாரும் தன்னைப் பத்திச் சொல்ல வேணாம், பக்கத்து ஆளுக்கு என்ன கஷ்டம்னு மட்டும் சொல்லுங்க. ஆத்தாடி, மடை தொறந்த மாதிரிதான். இவுகளுக்குக் கம்பி உசரம், அவருக்குப் படி வழுக்கும், இந்தப் பிள்ளைக்குச் சத்தம் ஆகாதுன்னு ஆளுக்கு ஆள் கொட்டுனாங்க. சுந்தரம் சாருக்காக வண்டி நிக்கிற எடத்துக்கெல்லாம் சத்தத்தாலயும் வாசத்தாலயும் பேர் வச்சு எழுதுனாங்க. மாவு மில்லு, எண்ணெய்க்கடை, ஸ்கூல் மணி.

மூணு சாயங்காலம் அப்படிப் போச்சு. நான் வாயைப் பொளந்து பார்த்துக்கிட்டே நின்னேன். பலகைக்கூட்டுல இருபது பேர் செஞ்சதை ஒரு படி கோலமாவுல இவங்க செஞ்சு முடிச்சிட்டாங்க.

இருந்தாலும் என் கெத்து அடங்கல. போன்ல கூப்பிடுறவங்ககிட்ட என்ன கேக்கணும்னு பேச்சு வந்துச்சு. அண்ணே, ஜெர்மன்ல எப்படின்னு கலைச்செல்வி கேட்டா. அதுக்குத்தானே காத்திருந்தேன். கையோட கொண்டாந்த படிவத்தை எடுத்துத் தமிழாக்கி வாசிச்சேன். எங்கே போகிறீர்கள்? எதற்காகப் போகிறீர்கள்? உடன் யார் வருகிறார்கள்? எப்போது திரும்புவீர்கள்? நாலே கேள்வி, வண்டிக்கு வேண்டிய எல்லா விவரமும் வந்துரும்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க. அக்காவும் தட்டுச்சு.

4

வண்டி ஓட ஆரம்பிச்ச மொத நாள் ஹாலுக்குப் பக்கத்து ரூம்ல போன் விடாம அடிச்சுச்சு. காலேஜ் பிள்ளைக ரெண்டு பேர் எடுத்துப் பேசுனாங்க. நான் ஒரு சேரைப் போட்டு மாப்பிள்ளை கணக்கா உக்காந்திருந்தேன். மத்தியானம் பார்த்தா ரெண்டு வண்டியும் வாசல்லயே நிக்குது. போன் வருது, எடுக்கிறாங்க, பாதியில கட் ஆகுது.

ரெண்டாம் நாளும் அப்படித்தான், மூணாம் நாளும் அப்படித்தான். ஒரு வாரத்துல போன் வர்றதே கொறைஞ்சு போச்சு. சுந்தரம் சாரும் இன்னும் நாலஞ்சு பேரும்தான் ஏறுனாங்க. முருகேசன் அண்ணே வண்டியைத் துடைச்சுத் துடைச்சு அலுத்துப் போனாரு. கலைச்செல்விக்கு மேலேருந்து போன். சனங்களுக்குத் தேவை இல்லாத ஊர்ல வண்டியை எதுக்கு நிறுத்தி வைக்கணும், இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்னு சொல்லிட்டாங்க.

மாசக் கடைசி. ரோஸி டீச்சர் கடைசியா கார் எடுக்கிற நாளும் அதுதான். அக்கா சாயங்காலம் எப்பவும் போல பரீட்சைத் தாளைத் திருத்திக்கிட்டு இருந்துச்சு. எனக்குத்தான் சோறு எறங்கல. அக்காவை வீட்டோட உக்கார வச்சிட்டு நான் எந்த முகத்தோட ஃபிளைட் ஏறுவேன்?

கட் ஆன நம்பர்ல கடைசி மூணு நாள்ல வந்ததுக்கெல்லாம் கலைச்செல்வியும் நானும் கூப்பிட்டுப் பார்த்தோம். எல்லாரும் ஒரே பாட்டு. சிக்னல் இல்ல சார், சார்ஜ் இல்ல சார், மத்தபடி எல்லாம் ரொம்ப நல்லாருக்கு சார். பாண்டியம்மா ஒருத்தங்கதான் கொஞ்சம் வாயைத் தொறந்தாங்க.

"கெளம்புறப்ப எங்க போறேன்னு கேட்டா போற காரியம் வெளங்குமா தம்பி? ஒரு வாய் தண்ணி குடிச்சு உக்காந்து எந்திரிக்கணும். அதுக்குள்ள போனை வச்சுட்டேன்."

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. ஆட்டோக்காரர் கேக்கலையான்னு கேட்டேன். அது ரோட்டுல, வாசப்படி தாண்டுன பொறவு கேக்குறது, இது வீட்டுக்குள்ள உக்காந்திருக்கிறப்பவே கேக்குறதுன்னு பொறுமையாச் சொன்னாங்க. நான் கத்தலையே ஒழிய, மொகத்துல காமிச்சுட்டேன். வண்டி வீடு தேடி வருது, இவங்க சகுனம் பாத்துக்கிட்டு இருக்காங்க. இந்தச் சனம் உருப்படுமான்னு பொலம்பிக்கிட்டே வீட்டுக்கு வந்தேன்.

5

அக்காகிட்டயும் அதே பொலம்பல்தான். அக்கா சிவப்பு பேனாவை மூடி வச்சிட்டுக் கேட்டுச்சு. கட் ஆன நம்பர் லிஸ்ட்டை மேசை மேல விரிச்சு, பாரு, எத்தனை பேருன்னு விரல் வச்சுக் காட்டுனேன். மொத நாள், மொத நம்பர். அப்பத்தான் ஒழுங்காப் பார்த்தேன். எனக்கு மனப்பாடமான நம்பர் அது. பிள்ளைக பேர் எழுதாம நம்பரை மட்டும் எழுதி வச்சிருந்ததுல இத்தனை நாள் கண்ணுல படல.

"இது நீயா?"

"நாந்தான். ரெண்டாவது கேள்வி வரைக்கும் தாங்குனேன்."

நீயும் சகுனமான்னு கேட்டேன். அக்கா சிரிச்சுச்சு. சகுனமெல்லாம் பாண்டியம்மா உன் மொகம் வாடக் கூடாதுன்னு சொன்னதுன்னுச்சு. அப்புறம் சிரிப்பை விட்டுட்டுப் பேசுச்சு.

"எனக்கு வயசு அம்பத்தாறு. எங்க போற, எதுக்குப் போற, யாரு கூட வாரா, எப்ப வருவ. இந்த நாலுக்கும் பதில் சொல்லாம ஒரு நாள் கூட நான் வாசப்படி தாண்டுனதில்லடா. அந்த ஹால்ல இருந்த ஒருத்தரும் தாண்டுனதில்ல. கூப்பிட்டா வண்டி வரும்னாங்க. சரி, இனிமே யாருகிட்டயும் சொல்லாமப் போலாம்னு ஆசையா போனை எடுத்தா, வண்டியும் அதையே கேக்குது."

ஜெர்மன்ல எல்லாருகிட்டயும் இதைத்தான் கேக்குறாங்க, படிவத்துலயே இருக்குன்னு இழுத்தேன்.

"ஜெர்மன்ல இருந்து கொண்டாந்தேங்குற. ஞாயித்துக்கிழமை எனக்குப் போன் பண்ணுனா நீ என்ன கேப்ப?"

இருபத்திரண்டு வருசமா ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கூப்பிடுறேன். எங்க போனக்கா? எதுக்கு? யாரு கூட வந்தா? எப்ப வந்த? பாசம்னு நெனச்சுத்தான் கேட்டேன், பாசம்தான் அது. அப்பாவும் பாசத்துலதான் கேட்டாரு. திருநகர் வீட்டு வாசல்ல அக்கா இரும்புக் காலை மாட்டிக்கிட்டு நிக்கும், அப்பா நாலையும் கேப்பாரு. மூணாவது கேள்விக்கு அக்காகிட்டப் பதில் இருக்காது. தடியைச் செவத்துல சாத்திட்டு உள்ள போயிரும். இல்லேன்னா நான் கூடப் போவேன். எத்தனையோ நாள் மூணாவது கேள்விக்குப் பதிலே நாந்தான்.

இங்க ஜெர்மனியில என் மக அனிதாவுக்குப் பதினேழு வயசு. எங்க போறம்மான்னு தமிழ்ல கேட்டா 'வெளியே'ன்னு ஜெர்மன்ல ஒரு வார்த்தை வரும், கதவு சாத்திக்கும். பிள்ளை கைய விட்டுப் போகுதேன்னு நானும் என் சம்சாரமும் எத்தனை நாள் வருத்தப்பட்டிருக்கோம். அவளால அப்படி வெடுக்குன்னு போக முடியுது. அக்காவுக்கு அந்தத் திருநகர் வீட்டு வாசல்ல ரெண்டு படி இருந்துச்சு, எறக்கி விட ஆள் வேணும். எறக்கி விடுறவங்களுக்குப் பதில் சொல்லித்தானே ஆகணும்.

இதை அன்னைக்கே கூட்டத்துல ஏன் சொல்லல, போகப்போறது உன் வேலைதானேன்னு கேட்டேன். கோவமா கேக்கணும்னு நெனச்சேன், கெஞ்சுற மாதிரி வந்துச்சு.

அக்கா தாளைத் திரும்ப எடுத்துக்கிச்சு. "அம்புட்டுப் பேரும் கை தட்டுறாக. எந்தம்பி எழுதுனதுன்னு நானும் தட்டுனேன்."

6

மறுநாள் காலையில போய்க் கலைச்செல்விகிட்ட விசயத்தைச் சொன்னேன். சாயங்காலம் ஹால்ல எல்லாரையும் கூப்பிட்டு, எந்திரிச்சு நின்னு, நான் எழுதுனது தப்புன்னேன். யாரும் ஆமாங்கல. தம்பி நல்லாத்தான் எழுதுனாப்ல, போனுலதான் சிக்னல் சரியில்லைன்னு பாண்டியம்மா அப்பவும் எனக்கு முட்டுக் குடுத்தாங்க. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

அப்புறம் வேலையைப் பார்த்தாங்க. எங்க வந்து ஏத்திக்கணும், டவுன் பக்கமா மேலூர் பக்கமா. இந்த ரெண்டு மட்டும் கேட்டாப் போதும். எங்க எறங்கணுங்கிறதை ஏறுன பிறகு டிரைவர்கிட்டச் சொல்லிக்கலாம், எல்லாரும் எல்லா பஸ்ஸுலயும் சொல்ற மாதிரி. திரும்பணும்னா திரும்பக் கூப்பிடலாம். கூட ஆள் வேணும்னா அவங்களா சொல்லட்டும், நாம கேக்க வேணாம். போற எடம் தெரியாம வண்டிக்கு எப்படி வழி போடுறதுன்னு கலைச்செல்வி கவலைப்பட்டா. முருகேசன் அண்ணே எந்திரிச்சாரு. "நான் பதினஞ்சு வருசம் ஷேர் ஆட்டோ ஓட்டுனவன் மேடம். எங்க எறங்குவீகன்னு கேட்டா ஆள ஏத்துனேன்?" அதோட பேச்சு முடிஞ்சுச்சு.

போன் திரும்ப அடிக்க ஆரம்பிச்சுச்சு, இந்தத் தடவை கட் ஆகல. கொஞ்ச நாள்ல வண்டி பத்தாம, முருகேசன் அண்ணே மத்தியானச் சோத்தை வண்டியிலேயே சாப்பிட வேண்டியதாப் போச்சு. மேலேருந்து திரும்பப் போன் வந்துச்சு, வண்டி ஒத்தக்கடையிலேயே இருக்கட்டும்னு. ரோஸி டீச்சர் ஊருக்குப் போன மறு திங்கக்கிழமை, அக்கா அந்த வண்டியில ஏறி மொத மணிக்கு முன்னாலயே பள்ளிக்கூடத்துல இருந்துச்சு. சாய்பலகையில நாற்காலி யாரும் தூக்காம ஏறி உள்ள திரும்பி நின்னதை நான் பார்த்தேன். தரையில கோலமாவுல பார்த்த அதே திருப்பம்.

இங்க ஜெர்மனியில எங்க ஊர் பஸ்ஸுல இன்னும் அந்த 'எதற்காக'ங்கிற கட்டம் படிவத்துல இருக்கு. மேயரம்மா கூட்டத்துல அதை எடுக்கச் சொல்லிப் பேசப் போறேன். தப்புந்தவறுமா பேசுனாலும் பரவாயில்ல.

நான் கெளம்புறதுக்கு முந்துன சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. அக்கா காலையில நல்ல சேலை ஒண்ணை எடுத்துக் கட்டுச்சு. பாண்டியம்மாகிட்ட வாங்குன பூவை வச்சுக்கிச்சு. போனை எடுத்து, ஒத்தக்கடை மாவு மில்லுக்கு அடுத்த வீடு, டவுன் பக்கம்னு மட்டும் சொல்லுச்சு. வண்டி வந்துச்சு. முருகேசன் அண்ணே சாய்பலகையை எறக்குனாரு. நான் வாசல்ல நின்னேன். நாலு கேள்வியும் தொண்டை வரைக்கும் வந்து நின்னுச்சு, ஒவ்வொண்ணா முழுங்குனேன். போயிட்டு வாரேண்டான்னுச்சு. சரிக்கான்னேன்.

பொழுது சாயத் திரும்பி வந்துச்சு. பூ வாடியிருந்துச்சு, முகம் வாடல. சாப்பிட்டியான்னு கூட நான் கேக்கல, அதுவே தோசை சுட்டு எனக்கும் வச்சுச்சு. எங்க போச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.